கட்டைவிரல் சும்மா இருக்க வேண்டிய இடம்

முதலில் மொட்டை மாஸ்டருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லாத மனுஷன் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தவறாமல் சலூனுக்கு வருகிறார் என்றால் அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும். தாடியைச் சரி பண்ணத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வார். அந்தத் தாடியில் சரி பண்ண என்ன இருக்கிறது, அஞ்சு நிமிஷ வேலை. மீதி முக்கால் மணி நேரம் பேச்சுதான். கிட்டார் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். ஒரு பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு மூன்று நாள், மற்ற நாளெல்லாம் வீடு வீடாக.

அவருக்கு ஈடு கொடுத்துப் பேசுகிறவர்தான் நம்ம ஆள். சலூனுக்கு முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் அவர் ஒருத்தரே. இரண்டு சுழல் நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, இருபத்தேழு வருஷமாகக் கத்தரி பிடித்த கை. எப்பேர்ப்பட்ட உம்மணாமூஞ்சி வந்து உட்கார்ந்தாலும், எழுந்து போவதற்குள் தன் வீட்டுக் கதையைப் பாதியாவது சொல்லிவிட்டுத்தான் போவான். அந்த அளவுக்கு வாய் உள்ளவர், கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் கால் வைத்ததும் கப்சிப்பென்று ஆகிவிடுவார். நாலு வருஷம் அப்படித்தான் போயிற்று.

பேசினால் கேட்க ஆள் இல்லை, அதுதான் காரணம். நாலு வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் அவர் மனைவிக்கு இரண்டு காதும் போய்விட்டது. வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற பெண்மணி. தையல் மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைக்கூட விரலால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். எதுவும் சொல்ல வேண்டுமானால் தோளைத் தொட்டுத் திருப்பி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கும் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதிக் காட்டி எத்தனை பேச முடியும்? 'பால் தீர்ந்துவிட்டது' என்று எழுதலாம். இன்றைக்கு மாப்பிள்ளைக் கோலத்துக்கு முடி வெட்ட வந்த பையன் பயத்தில் நாற்காலியிலேயே தூங்கிப் போன கதையை எழுத முடியுமா?

அப்புறம் ஆபரேஷன் நடந்தது. காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து உள்ளே ஒரு கருவியை வைத்தார்கள். வெளியே காதுமடலில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன மெஷின், அதிலிருந்து ஒரு ஒயர், தலையில் போய் ஒட்டிக்கொள்ள ஒரு வில்லை. ஒரு மாதம் கழித்து அதை இயக்கி வைக்கிற நாளன்று, நம்ம ஆள் நாலு வருஷப் பேச்சையும் மூட்டை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"நான் பேசுறது கேக்குதா?"

மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டார். "யாரோ தகர டப்பாவுக்குள்ள கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குறாங்க" என்றார்.

நம்ம ஆளுக்கு முகம் தொங்கிப் போயிற்று. மெஷினைச் சரிபார்க்கிற காதுக் கிளினிக் பெண், சின்ன வயசுதான், பொறுமையில் பழுத்த பழம். "காது நாலு வருஷம் லீவுல இருந்துட்டு வந்திருக்கு சார். மூளை எல்லாத்தையும் முதல்லேருந்து படிக்கணும். கொஞ்சம் டைம் குடுங்க" என்றாள். அந்தப் பெண்ணுக்கும் நன்றி சொல்ல வேண்டும், அது இரண்டாவது.

அவள் சொன்னது போலவே நாலு மாதத்தில் பேச்சு ஓரளவு பிடிபட்டது. எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசினால் மனைவிக்குப் புரிந்தது. ஆனால் பாட்டு மட்டும் பிடிகொடுக்கவில்லை. தைக்கும்போது ரேடியோ இல்லாமல் ஊசியைத் தொடாத பெண்மணி அவர். ஒரு நாள் ஆசை ஆசையாய் ரேடியோவைப் போட்டார். பாதிப் பாட்டில் அணைத்தார். காதிலிருந்த மெஷினையும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"முன்னாடி அமைதியாவது இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல" என்றார். சாயங்காலம் வரை அதைத் திரும்ப மாட்டவில்லை.

அடுத்த நாளும் அரை நாள்தான் மாட்டினார். அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. நம்ம ஆள் கடையைப் பாதியில் சாத்தினார். ஓடினார் கிளினிக்குக்கு. அந்தப் பெண் சொன்னாள்: "ரேடியோ வேண்டாம் சார். அதுல பத்து வாத்தியம் ஒண்ணா வரும், குழம்பிடுவாங்க. ஒரே ஒரு வாத்தியம், சின்னதா ஒரு துண்டு, தினமும் அதே துண்டு. வாசிக்கிற கையை முதல்ல கண்ணால பார்க்கட்டும். அப்புறம் காது தானா பிடிச்சுக்கும். ஆனா ஒண்ணு, மெஷினைக் கழட்டி வச்சுட்டா எல்லாம் போச்சு."

தினமும் வீட்டுக்கு வந்து அதே துண்டை வாசிக்க யார் கிடைப்பார்கள்? மொட்டை மாஸ்டருக்குத் தாடி வெட்டும்போது நம்ம ஆள் புலம்பித் தீர்த்தார். கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர், "நீங்களே கத்துக்கோங்களேன்" என்றார்.

"ஐம்பது வயசுல, இந்தக் கைக்கா?"

"கையில என்ன குறை? ஊர்த் தலை எல்லாம் அந்தக் கையிலதான இருக்கு."

வியாழக்கிழமை தோறும் கடை திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் என்று ஏற்பாடு. மாஸ்டரே ஒரு பழைய கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். விரலால் மீட்டுகிற இந்த வகைக் கிட்டாரை வாசிக்கிறவர்கள் இடது காலை ஒரு சின்ன ஸ்டூலில் உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டுமாம். சலூன் நாற்காலியில் கால்தாங்கி இருக்கிறதே, ஸ்டூல் எதற்கு? எதிரே கண்ணாடி வேறு, இரண்டு கையும் பளிச்சென்று தெரிந்தது. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, தன் மூஞ்சியைத் தானே பார்த்துக்கொண்டு, நம்ம ஆள் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

மாஸ்டர் ஒரு தாளை வைத்தார். ஒரே பக்கம். நாலு வரி, வரிக்கு நாலு கட்டம், ஆக மொத்தம் பதினாறு. "இதுக்குப் பேரு ஸ்டடி. பாட்டும் இதுதான், பாடமும் இதுதான். பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இந்த வாசல் வழியாத்தான் உள்ள போனாங்க. தடிமனான மூணு தந்தி கட்டைவிரலுக்கு. மெல்லிசு மூணும் மத்த மூணு விரலுக்கு, ஆளுக்கு ஒண்ணு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், திரும்ப நடு, ஆள்காட்டி. அவ்வளவுதான். ஒருத்தன் பேசும்போது மத்தவன் வாயைத் தொறக்கக் கூடாது."

அன்று மதியம் கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுபோனார். மதிய வேளையில் கடையில் ஈ காக்கா இருக்காது, இரண்டு மணியிலிருந்து நாலு வரை வீட்டில்தான் இருப்பார். மனைவி கிட்டாரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், புருஷனை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்காகவா?"

நம்ம ஆள் தலையை ஆட்டினார்.

அந்த அம்மா சாமானியத்தில் அழுகிறவர் இல்லை. கொஞ்ச நேரம் விரலால் தந்தியைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, "ஒரு பேச்சு" என்றார். "இந்தப் பாட்டை நீங்க முழுசாக் கத்துக்கிற வரைக்கும் நான் இதைக் கழட்ட மாட்டேன். ஒரு தப்பு இல்லாம நீங்க வாசிச்சு முடிக்கிற அன்னைக்கும் எனக்கு டப்பாச் சத்தம்தான் கேட்டுச்சுன்னா, இது அலமாரிக்குள்ள போயிடும். அப்புறம் நீங்களோ அந்தப் பொண்ணோ என்னை வற்புறுத்தக் கூடாது."

சரி என்று சொல்வதைத் தவிர வேறு வழி? சரி என்றார்.

அங்கேதான் கட்டைவிரல் தன் புத்தியைக் காட்டியது. சாதாரணமாக எல்லாருக்கும் மோதிர விரல்தான் சோம்பேறியாம், அதை எழுப்புவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடுமாம். நம்ம ஆளுக்கு மோதிர விரல் சிங்கம். கத்தரியின் இரண்டு வளையத்தில் ஒன்றில் கட்டைவிரலும் இன்னொன்றில் மோதிர விரலும்தானே இத்தனை வருஷமாகக் குடியிருக்கின்றன. சிக்கலும் அதுதான். மோதிர விரல் மெல்லிய தந்தியைத் தொட்டால் போதும், கூப்பிடாமலே கட்டைவிரலும் எழுந்து வந்து தடித்த தந்தியில் ஒரு 'டும்' போட்டுவிடும். திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். கட்டம் தவறாமல் 'டும்'.

மூன்றாவது வியாழக்கிழமை மாஸ்டர்தான் கண்டுபிடித்தார். அன்று பேச்சு நீண்டு, முதல் வாடிக்கையாளர் வந்த பிறகும் அவர் போகவில்லை. நம்ம ஆள் முடி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அண்ணே, நிறுத்துங்க" என்றார். "இப்ப ஒரு தடவை முடியை வெட்டுனீங்க. அப்புறம் மூணு தடவை வெறுங்காத்துல சிக், சிக், சிக்னு வெட்டுனீங்களே, அது என்ன?"

நம்ம ஆள் திருதிருவென்று விழித்தார். அப்படி ஒரு பழக்கம் தனக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. சீப்பால் முடியை வாரி எடுப்பதற்குள் கத்தரி சும்மா இருக்காது, காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். எல்லா சலூனிலும் கேட்கிற சத்தம்தான். கட்டைவிரலுக்குச் சும்மா இருந்து பழக்கமே இல்லை.

"கிட்டார்ல சரி பண்ண முடியாது. கத்தரியிலதான் சரி பண்ணணும்" என்றார் மாஸ்டர்.

அன்றிலிருந்து காற்றை வெட்டுவதை நிறுத்தினார். சொல்லச் சுலபம். பல் துலக்கும்போது வலக்கையை விட்டு இடக்கையால் துலக்கிப் பாருங்கள், தெரியும். முடியை வாருவார், கத்தரி அசையாமல் நிற்கும், வெட்டுவார், திரும்ப அசையாமல் நிற்கும். அதில் கவனம் போனதால் பேச்சும் குறைந்தது. கடை மயான அமைதி. ஒரு வாரத்தில் வாடிக்கையாளர்களுக்குக் கலக்கம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக வருகிற தபால்காரர் துணியை உதறும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அண்ணே, என்மேல ஏதாவது கோபமா?" என்றார். "கத்தரி சத்தமே காணோம். அந்தச் சத்தத்துலதான நான் ஒரு தூக்கம் போடுவேன்." இன்னொருவர், உடம்பு சரியில்லை போல என்று ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் ஒத்துழைத்தார்கள். அவர் மறந்துபோய் ஒரு 'சிக்' போட்டால், நாற்காலியிலிருந்து "ம்ஹும்" என்று குரல் வரும். இந்த மனுஷர்களுக்கெல்லாம் எந்த ஜென்மத்தில் நன்றி சொல்லித் தீர்ப்பது என்று நம்ம ஆள் நிஜமாகவே நினைத்தார்.

வீட்டில் மதியம் தோறும் கச்சேரி. முதலில் மனைவி எதிரில் உட்கார்ந்து கையையே பார்த்தார். வாசித்து முடித்ததும் இவர் புருவத்தை உயர்த்துவார். "டப்பா" என்பார் அவர். அவ்வளவுதான் விமர்சனம். மறுநாளும் டப்பா. அதற்கடுத்த நாளும் டப்பா. ஒரு மாதம் போனதும், எதிரில் உட்கார்வதை விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் இவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். அலுத்துவிட்டது போல என்று நம்ம ஆளுக்கு மனசு விட்டுப் போயிற்று. அன்றிலிருந்து கேட்பதை நிறுத்திக்கொண்டார். கேட்டால்தானே டப்பா என்று பதில் வரும்?

ஆனால் வாசிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. முதல் வரி படிந்தது. இரண்டாவது படிந்தது. மூன்றாவது வரியில் இடக்கை கீழிருந்து மேலே தாவுகிற ஓர் இடம், அங்கே மட்டும் கட்டைவிரல் பழைய சிநேகத்தை மறக்காமல் எழுந்து வரும். நாலு மாதம் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை, கண்ணாடிக்கு எதிரே, பதினாறு கட்டமும் ஒரு 'டும்' இல்லாமல் முடிந்தது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை வாசித்தார். அதுவும் சுத்தம். மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

"போங்க அண்ணே, முடிச்சிட்டீங்க. வீட்டுல போய் வாசிங்க."

முடிச்சிட்டீங்க என்ற சொல்லைக் கேட்டதும்தான் நம்ம ஆளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முடித்துவிட்டால்? அன்றைக்கே தீர்ப்பு. மனைவி திரும்பிப் பார்த்து "டப்பா" என்று சொல்லி, மெஷினைக் கழற்றி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்து மூடிவிடுவார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவர். நாலு மாதம் நாய்படாத பாடு பட்டது, மனைவியின் காதைத் தன் கையாலேயே மூடுவதற்கா?

அன்று மதியம் வீட்டில் உட்கார்ந்து வாசித்தார். மூன்றாவது வரி வந்தது. கட்டைவிரல் சமர்த்தாகச் சும்மாதான் இருந்தது. நம்ம ஆளே அதை எழுப்பி ஒரு 'டும்' போட வைத்தார். போட்டதும் "ச்சே" என்று நாக்கைக் கடித்துக்கொள்கிற மாதிரி ஒரு நடிப்பு வேறு, பார்க்க ஆள் இல்லாதபோதும். மறுநாளும் அதே இடத்தில் ஒரு 'டும்'. அதற்கடுத்த நாளும். சரியாக வாசிப்பதற்குப் பட்ட பாட்டைவிடத் தப்பாக வாசிப்பதற்குப் பட்ட பாடு பெரிது. மாஸ்டர் கேட்டபோதெல்லாம் "இன்னும் நாலு நாள் போகட்டும்" என்று மழுப்பினார். பத்து நாள் இப்படி ஓடியது. இந்த ஏமாற்று வேலையை ஆயுசுக்கும் செய்யத் தயாராகத்தான் இருந்தார் அவர். தினம் ஒரு தப்பு, அதற்குப் பதிலாக மனைவி காதில் மெஷின். மோசமான பேரம் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

பதினோராவது நாள். மனைவி ஜன்னலோரம், நீல நிறத் திரைச்சீலைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். முதுகு இவர் பக்கம். நம்ம ஆள் ஆரம்பித்தார். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரியில் வழக்கமான இடத்தில் வழக்கமான 'டும்'.

"எத்தனை நாளைக்கு இப்படி வேணும்னே தட்டப் போறீங்க?"

நம்ம ஆளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்ட வெட்கத்தில், முதலில் வாயில் வந்ததைச் சொன்னார். "வேணும்னேவா? நான் ஏன்... அது தானா வருது."

"தானா வர்றது எனக்குத் தெரியாதா?" ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. "உங்க பழைய தப்பு கொஞ்சம் பிந்தி வரும். வரலாமா வேண்டாமான்னு பயந்துக்கிட்டு, மெதுவா வரும். இது நேரத்துக்கு வருது. கல்யாணத்துக்குக் கூப்பிட்ட ஆள் மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு வருது. பத்து நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீதான் கையைப் பார்க்கவே இல்லையே. அப்புறம் எப்படி..."

சொல்லி வரும்போதே அவருக்கு அது உறைத்தது. மனைவி இன்னும் திரும்பவில்லை. மனைவியின் தோளை இவர் தொடவில்லை, எதிரில் போய் நிற்கவில்லை, உதட்டைக் காட்டவில்லை. அறையின் இந்தக் கோடியில் உட்கார்ந்து முணுமுணுத்ததற்கு அந்தக் கோடியிலிருந்து பதில் வந்துகொண்டிருந்தது.

"டப்பான்னு சொன்னியே" என்றார், இன்னும் தாழ்ந்த குரலில்.

"அப்ப டப்பாதான். அப்புறம் நீங்க கேக்கவே இல்லையே." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "உங்க தப்புலதான் எனக்கு முதல்ல பிடி கிடைச்சுது. மத்ததெல்லாம் சலசலன்னு ஒண்ணா ஓடும், ஒண்ணும் புரியாது. நடுவுல ஒரு டும். அதை மட்டும் பிடிச்சுக்கிட்டேன். அதுக்கு முன்னாடி என்ன வருது, பின்னாடி என்ன வருதுன்னு காதை வச்சுக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா ஒவ்வொண்ணாப் பிரிஞ்சு வந்துச்சு. கையைப் பார்த்துக்கிட்டே இருந்தா காது கேக்குதா கண்ணு கேக்குதான்னு சந்தேகமா இருந்துச்சு. அதான் இங்க வந்து திரும்பி உக்காந்தேன். இப்ப அந்த மூணாவது வரி மேல ஏறி, ஒரு மூச்சு நின்னு, இறங்கி வருதே, அது வர்றதுக்கு முன்னாடியே எனக்கு மனசுக்குள்ள வந்துடுது."

"பத்து நாளா தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

இப்போதுதான் ஊசி நின்றது. "சொன்னா முடிச்சிடுவீங்க. கிட்டாரை மாஸ்டர்கிட்ட திருப்பிக் குடுத்துடுவீங்க. அப்புறம் பழையபடி வந்து வாயை மூடிக்கிட்டு உக்காந்துடுவீங்க. நாலு வருஷம் இந்த வீட்டுல உங்க சத்தமே இல்ல. இப்பதான் மத்தியானமானா நீங்க வந்தது காதுல விழுது."

நம்ம ஆளுக்கு யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. மாஸ்டருக்கா, கிளினிக் பெண்ணுக்கா, "ம்ஹும்" சொன்ன தபால்காரருக்கா, சொல்பேச்சுக் கேட்காத கட்டைவிரலுக்கா, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்தப் பெண்மணிக்கா? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மனைவி பார்க்கவில்லை என்ற தைரியத்தில் துடைக்காமலே விட்டார்.

"சரி, தப்பில்லாம ஒரு தடவை வாசிங்க" என்றார் மனைவி.

கிட்டாரைச் சரியாக அணைத்துக்கொண்டார். கையை முதல் கட்டத்தில் வைத்தார். சத்தம் வராமல் மெல்ல மூக்கை ஒரு தடவை இழுத்துக்கொண்டார்.

"மூக்கை உறிஞ்சாதீங்க" என்றார் அவர், திரும்பாமலே. "பாட்டு கேக்க விடுங்க."

நம்ம ஆள் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தார்.